அம்பிகா சேர்த்த ஓய்வு

அம்பிகாவுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அது வெள்ளிக்கிழமை. கேட்பவர்கள், "பரவாயில்லையே, கொடுத்து வச்சவ" என்பார்கள். கொடுத்து வைத்திருப்பதில் ஒன்றும் இல்லை என்று அவர்களிடம் யார் சொல்வது? வெள்ளிக்கிழமை காலையில் ஆற்காட்டில் அவள் குடியிருக்கும் தெருவில் எல்லா வீடும் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு ஜாஸ்மின் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ராணிப்பேட்டைக் கம்பெனிக்கு. பேச வேண்டுமென்றால் தெருவில் படுத்திருக்கும் நாயோடுதான் பேச வேண்டும். அதுவும் அம்பிகாவைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க மசாலா வாசனையும் டிவி சத்தமுமாக இருக்கும்போது அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேல்விஷாரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருப்பாள்.

அவள் வேலை செய்வது ஜியாவுல்லா சாயபுவின் தோல் தொழிற்சாலையில். ஜும்மா நாளில் அங்கே தோல் பதப்படுத்தும் டிரம் சுற்றாது. மற்ற ஆறு நாளும் சுற்றும். இந்த ஒரு ஏற்பாட்டால் அம்பிகா ஊரோடு ஒட்டாமலே போய்விட்டாள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தானே வைக்கிறார்கள்? முதலில் கூப்பிட்டார்கள், பிறகு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் புகழேந்தி ஓசூரில் இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணுவான். அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா போனபின் அதுவும் இல்லை. நாற்பதைத் தாண்டியவளுக்கு வரன் பார்க்கிற அக்கறை யாருக்கும் கிடையாது. அம்பிகாவுக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. அவளுக்கு இருந்த வருத்தம் வேறு. ஒரு நாளில் தன்னிடம் யாரும் ஒரு முழு வாக்கியம் பேசாமல் பொழுது சாய்ந்துவிடுகிறதே என்பதுதான் அது.

தொழிற்சாலையில் அவளுக்குக் 'கம்ப்யூட்டர் மேடம்' என்று பெயர். பிரின்டர் மக்கர் பண்ணினால் மேடம், நெட் வரவில்லையென்றால் மேடம். சரியாகிவிட்டால் மேடத்தை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆபீஸ் மாடியில், ஏசி வைத்த ஒரு சின்ன அறையில், சர்வருக்குத் துணையாக அவள் உட்கார்ந்திருப்பாள். அல்லது சர்வர் அவளுக்குத் துணை.

கதை அந்த சர்வரில்தான் தொடங்குகிறது. கீழே சுற்றும் டிரம்கள் ஒவ்வொன்றும் தன் சூடு, தண்ணீர் அளவு, போட்ட மருந்து எல்லாவற்றையும் இந்த சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதை வாங்கி எழுதிவைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. ஆனால் அதைக் கையால் தொட முடியாது. சர்வருக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுகிறது அது. அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு ஃபைலுக்குள் அடங்கியிருக்கும். அந்த ஃபைலுக்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர்.

கொஞ்ச நாளாக அது படுத்திக்கொண்டிருந்தது. டிரம் ஓட ஆரம்பித்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும். டிரம் ஆப்பரேட்டர் மஹபூப் பாஷா மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டுவார்.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது. மருந்து போட்டேன்னு அமுக்கினா, பொட்டி முழிச்சிக்கினு நிக்குது."

அம்பிகா டிஸ்க் இமேஜின் வேகத்தை அளந்து பார்த்தாள். அதற்கென்று ஒரு மென்பொருள் கருவி இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருக்கும் கருவி. டிஸ்க் இமேஜின் தலையில் எழுது, எழுது என்று மூச்சுவிடாமல் வேலையைக் கொட்டி, அது எத்தனை வேகத்தில் முடிக்கிறது என்று சொல்லும். அந்தக் கருவி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றது. இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னது. அம்பிகா பாஷாவைப் பார்க்கக் கீழே இறங்கினாள்.

அப்போது டிரம்கள் நின்றுகொண்டிருந்தன. சுண்ணாம்பு வாடை மூக்கைப் பிடுங்கியது. பாஷா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய் நிறுத்தி வச்சிருக்கீங்க? கரண்ட் இல்லியா?"

"கரண்டு கீதும்மா. தோலுக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன். சும்மா சுத்திக்கினே இருந்தா ஒண்ணோட ஒண்ணு தேஞ்சி மேல் பக்கம் பாழாயிடும். கொஞ்சம் ஓட்டணும், நிறுத்தணும், மறுபடி ஓட்டணும். நின்னுக்கினு இருக்கும்போதுதான் மருந்து உள்ள எறங்கும்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நமக்கும் அப்பதான் நாலு வார்த்தை பேச முடியும். சுத்த ஆரம்பிச்சா காதுல இன்னா விழுது?"

அம்பிகாவுக்கு அங்கேயே பொறி தட்டியது. டிரம்கள் நிற்கிற நேரத்தில் ஆபீஸ் கணக்கு வேலைகள் வந்து சர்வரின் நினைவகத்தில் சட்டமாக உட்கார்ந்துகொள்கின்றன. டிரம்கள் மறுபடி எழுந்து வரும்போது அவற்றுக்கு இடமில்லை. அந்த முதல் நொடிகளில்தான் திரை உறைகிறது. அளக்கிற கருவியோ நிற்கவே நிற்காது. மூச்சுவிடாமல் ஓடுகிறவனுக்கு, உட்கார்ந்து எழுந்திருக்கிறவனின் முட்டிவலி எப்படித் தெரியும்?

கருவியில் ஒரு ஆப்ஷன் சேர்த்தால் போதும். இத்தனை வேலை செய், இவ்வளவு நேரம் சும்மா இரு, மறுபடி செய். அதற்கு 'ரெஸ்ட்' என்றே பெயர் வைத்தாள். பாஷா வைத்த பெயர்தான். எழுதிப் பார்த்தாள், ஓடியது. அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கருவியை எழுதுகிறவர்களுக்கு, மின்னஞ்சலில் பேசிக்கொள்ள ஒரு மடல் குழு உண்டு. யார் வேண்டுமானாலும் அங்கே ஒரு திருத்தத்தை அனுப்பலாம். பெரியவர்கள் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் கருவியில் சேர்த்துக்கொள்வார்கள். அம்பிகா ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தபடியே தொழிற்சாலை சர்வரை இணைத்து, ஓய்வோடும் ஓய்வில்லாமலும் அளந்து பார்த்து, அந்த எண்களையும் சேர்த்துத் திருத்தத்தை அனுப்பிவைத்தாள்.

அனுப்பின கையோடு ஒரு பதில் வந்தது. அது இயந்திரம் எழுதிய பதில். அங்கே ஒரு தானியங்கி இருக்கிறது. வருகிற திருத்தங்களை எல்லாம் ஓட்டிப் பார்த்து, தேறியது, தேறவில்லை என்று சொல்லும். தேறியது என்றது.

மனிதர் எழுதிய பதில் சில நாள் கழித்து, அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்த நேரத்தில் வந்தது. எழுதியவர் பெயர் ஹென்ரிக். நார்வே நாட்டுக்காரர், அந்தக் கருவிக்குப் பொறுப்பாளர். அங்கே அப்போதுதான் காலை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். "குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் உங்கள் எண்களைப் பார்த்தால், ஓய்வு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுபோல்தான் இருக்கிறது. பிறகு இந்த ஆப்ஷன் எதற்கு?"

அம்பிகா எண்களை எடுத்துப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். அளந்தது வெள்ளிக்கிழமை! ஆபீஸில் ஈ காக்கை கிடையாது. ஓய்வு நேரத்தில் இடம் பிடிக்க யாருமே இல்லாத நாளில் அளந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, மன்னிக்கவும், எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்து அளந்துவிட்டேன் என்று எழுதினாள். வேலை நாளில் அளந்த எண்களைக் கூடவே வைத்தாள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஹென்ரிக் எழுதினார். "இத்தனை வருடத்தில், என்ன கிழமையில் அளந்தீர்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன். அதிருக்கட்டும், நீங்கள் சொல்லும் இந்த டிரம் என்றால் என்ன? அதற்கு எதற்கு ஓய்வு?"

அம்பிகா அதை மூன்று நான்கு தரம் படித்தாள். அவளை யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிரின்டரைப் பற்றி அல்ல. அன்று அவள் எழுதிய பதில் திருத்தத்தைவிட நீளம். வீட்டு அறையளவு பெரிய மரப் பீப்பாய், அதற்குள் தோல்கள், சுண்ணாம்புத் தண்ணீர், பாஷாவின் டீ, நின்றால்தான் மருந்து இறங்கும் என்ற பேச்சு என எல்லாவற்றையும் எழுதினாள். அனுப்பிய பிறகு, மடல் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் இதைப் படிப்பார்களே என்று உடம்பெல்லாம் கூசியது. ஹென்ரிக் கோபித்துக்கொள்ளவில்லை. ரசித்துப் படித்ததாகச் சொன்னார். கீழே, தன் ஊரில் பனி விழுந்து கார் கதவு திறக்கவில்லை என்று ஒரு வரி. அதற்கும் கீழே, நிரலில் ஒரு மாறியின் பெயரை மாற்றி மறுபடி அனுப்புங்கள் என்றிருந்தது.

மாற்றி அனுப்பினாள். பதில் வந்தது. அதற்குள் இன்னொரு சின்னக் குறை, இன்னொரு சின்னச் செய்தி. மத்தியானச் சாப்பாட்டுக்குத் துணை கிடைத்துவிட்டது அம்பிகாவுக்கு. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, ஹென்ரிக்கின் அப்பா எண்பது வயதிலும் படகு ஓட்டுகிற கதையைப் படித்தாள். அவள் பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று ஊரே பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்ததை எழுதினாள்.

ஒரு நாள் திருத்தத்தில் குறை ஒன்றும் மிச்சமில்லை. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். இதை அனுப்பினால் ஹென்ரிக் சேர்த்துக்கொள்வார். சேர்த்துக்கொண்டால் பேச்சு முடிந்தது. எந்த ஆப்ஷனுக்காக இத்தனை பாடுபட்டாளோ அது உள்ளே போகிற அன்று இந்தக் கடிதங்கள் நின்றுபோகும். விளக்கக் குறிப்பில் இருந்த ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிட்டாள். தானியங்கிக்கு இலக்கணம் தெரியாது, தேறியது என்றுவிடும். ஹென்ரிக் மட்டும்தான் கண்டுபிடிப்பார்.

கண்டுபிடித்தார். "இந்த வாக்கியம் முடியவில்லை" என்று எழுதி, கூடவே இரண்டு பத்தி.

திருட்டு ருசி கண்டுவிட்டால் விடுமா? அடுத்த தரம் உதவிக் குறிப்பில் ஆப்ஷனின் பெயரை விட்டுவிட்டாள். அதற்கடுத்த தரம் நொடி என்று இருக்க வேண்டிய இடத்தில் நிமிடம். ஒன்றைச் சரிசெய்து, இன்னொன்றைக் கெடுத்து, நல்ல பிள்ளையாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பாஷாவின் திரை உறையும் காரணத்தைத் தன் கையிலிருந்த கருவியை வைத்தே கண்டுபிடித்து, கணக்கு வேலைகளை வேறொரு சர்வருக்கு மாற்றிச் சரிசெய்தும்விட்டாள். இனி அந்த ஆப்ஷன் உலகத்துக்கு இன்று போனால் என்ன, அடுத்த மாதம் போனால் என்ன?

பிறகு சில நாள் கடிதம் இல்லை. அம்பிகா மத்தியானங்களில் சோற்றை அளைந்துகொண்டு திரையைப் பார்த்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது.

"தாமதத்துக்கு மன்னியுங்கள். அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து உங்கள் திருத்தத்தைப் படித்தேன். மனம் வேறெதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் நல்லதென்று தோன்றியது. நொடியை மறுபடியும் நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் புதிய வெளியீட்டுக்குக் கதவை மூடுகிறோம். வியாழனுக்குள் அனுப்பினால் இதில் சேரும். இல்லையென்றால் அடுத்த வெளியீடுவரை காத்திருக்க வேண்டும்."

அம்பிகா பிசைந்த சோற்றைத் தள்ளிவைத்தாள். அப்பா உள்ளே கிழிபட்டுக் கிடக்க, ஒரு மனுஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் வேண்டுமென்றே வைத்த பிழையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காக அவளும் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான். சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும், இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அந்த நிமிஷத்திலும் அவள் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. இன்னொரு பிழை வைத்தால் அடுத்த வெளியீடுவரை கடிதம் வருமே!

புதன்கிழமை அனுப்பினாள். சுத்தமான திருத்தம். ஒரு புள்ளி பிசகவில்லை. கடைசியில் அப்பா நலமடைய வேண்டிக்கொள்கிறேன் என்று சேர்த்தாள். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"சேர்த்தாயிற்று. நன்றி."

அவ்வளவுதான். வெளியீட்டு வாரம், தலைக்கு மேல் வேலை, ஆஸ்பத்திரி வேறு. இதற்கு மேல் எழுத அவருக்கு என்ன இருக்கிறது? கேள்வி இருந்தால்தானே பதில். அம்பிகாவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததால் வலிக்காமல் போய்விடவில்லை.

நல்ல செய்தி வந்தால் இனிப்பு வாங்க வேண்டும். அன்று சாயங்காலம் ஆற்காடு பஜாரில் இறங்கி ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஜாஸ்மின் டீச்சர் வீட்டில் பூட்டு. எதிர்வீட்டில் பூட்டு. திரும்பி வந்து பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஹென்ரிக்கின் சொந்த முகவரி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு எழுதுவது முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போலிருந்தது. மடல் குழு என்பது தெருமுனையில் பார்த்துப் பேசுவது மாதிரி, அதில் தப்பில்லை. இந்த முறை சேர்க்கத் திருத்தம் எதுவும் இல்லை. சும்மா ஒரு கடிதம். அப்பா எப்படி இருக்கிறார்? பேசுகிறாரா? பனி குறைந்ததா? என்னால் உங்களுக்கு நிறைய வேலை, மன்னிக்க வேண்டும். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் அனுப்பிவிட்டாள்.

கையெடுப்பதற்குள் பதில் வந்தது. அவள் நெஞ்சு துள்ளியதைப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று. எழுதியிருந்தது தானியங்கி.

"இந்த மடலில் திருத்தம் எதுவும் இல்லை. சோதிக்க ஒன்றும் இல்லை."

அம்பிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். பூட்டிய தெருவில் அந்தச் சிரிப்பு அவளுக்கே விசித்திரமாகக் கேட்டது. அப்புறம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அன்று முழுக்க வேறு கடிதம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் பேடா பெட்டியோடு டிரம் கொட்டகைக்குப் போனாள். டிரம்கள் நின்றிருந்தன. பாஷா எழுந்து, ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார்.

"இன்னாம்மா ஸ்வீட்டெல்லாம்?"

"நீங்க சொன்னீங்களே பாய், தோலுக்கு ரெஸ்ட்டுன்னு. அது ஒரு ஆப்ஷனாப் போய்ச் சேந்துடுச்சு. இனிமே எந்த நாட்டுல யாரு டிஸ்க் இமேஜ அளந்தாலும் அதுல உங்க ரெஸ்ட் இருக்கும்."

பாஷாவுக்குப் பாதி புரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பேடாவை எடுத்துக்கொண்டார். "யாரும்மா சேத்தது?" என்று கேட்டார். அம்பிகா சொன்னாள். ஹென்ரிக், வெள்ளிக்கிழமை எண்கள், பனியில் சிக்கிய கார், படகு ஓட்டும் அப்பா. வேண்டுமென்றே வைத்த பிழைகளையும் சொன்னாள். இத்தனை நீளமாக அவள் பேசி அந்தத் தொழிற்சாலையில் யாரும் கேட்டதில்லை. பாஷா பேடாவைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஆஸ்பத்திரிக் கதை வந்தபோது உச்சுக்கொட்டினார்.

"அடப் பாவமே. அந்தப் பெரியவரு இப்ப எப்டி கீறாராம்மா?"

அவர் கேட்டு முடிப்பதற்கும் டைமர் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஓய்வு முடிந்து, டிரம்கள் ஒவ்வொன்றாகப் புரளத் தொடங்கின. கொட்டகை முழுவதும் இரைச்சல் நிறைந்தது.

"தெரியல பாய்" என்றாள் அம்பிகா. "எனக்கு யாரும் சொல்லல."

பாஷாவுக்குக் காதில் விழவில்லை. நல்ல பதிலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார், தலையாட்டினார், பேடாவை வாயில் போட்டுக்கொண்டு டிரம்மைப் பார்க்கப் போய்விட்டார்.